காலியிடம் இல்லாத பத்திரம்

ஒரு கம்பெனிக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று அதன் இணையதளத்தில் இருப்பது: தொடங்கிய ஆண்டு, முதல் வாடிக்கையாளர், நிறுவனர் கைகட்டி நிற்கும் படம். இன்னொன்று பீரோவில், பாக்ஸ் ஃபைலில் இருப்பது. வக்கீலிடம் வருவது இரண்டாவது. இரண்டும் ஒத்துப்போயிருந்தால் அது வக்கீலிடம் வந்திருக்காது.

2019இல் அப்படி ஒரு பாக்ஸ் ஃபைல் தம்புசெட்டித் தெருவில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தது. பத்திரம் தயாரிக்கும் மென்பொருளை எழுதி விற்ற சென்னைக் கம்பெனி ஒன்றின் ஃபைல். பெயர் சொல்ல மாட்டேன். வழக்கை முடித்த ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் பத்தி உண்டு. அதில் கிளம்பிய சட்டப் பிரச்சினையைப் பேசத் தடையில்லை.

மென்பொருள் என்ன செய்யும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரயப் பத்திரம் வேண்டும் என்றால் அது உங்களைக் கேள்வி கேட்கும். விற்பவர் ஒருவரா, பலரா? மைனர் பங்கு உண்டா? சொத்து அடமானத்தில் இருக்கிறதா? பதில்களைக் கொடுத்தால் பத்திரம் அச்சுக்குத் தயாராக வந்துவிடும். விற்பவர் ஒருவர் என்றால் ஆவணம் முழுக்க ‘நான் விற்கிறேன், ஒப்படைக்கிறேன்’ என்று போகும். மூன்று பேர் என்றால் அத்தனை வினைச்சொல்லும் ‘விற்கிறோம், ஒப்படைக்கிறோம்’ என்று மாறிக்கொள்ளும். மைனர் இல்லையென்றால் கார்டியன் பற்றிய பத்தி வராது. அடமானம் இல்லையென்றால் அந்தப் பத்தியும் வராது. வராத பத்திகள் போக, மிச்சமுள்ளவற்றுக்கு எண் வரிசையாக விழும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனியைத் தொடங்கியவர் தாம்பரம் பக்கம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அருகில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. அப்பா லைசென்ஸ் பெற்ற பத்திர எழுத்தர். மகனுக்கு எழுதுவதைவிட இயந்திரத்தில் ஆசை. முதலில் வேர்டில் மேக்ரோ எழுதி வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார். பிறகு வெளியிலிருந்து ஒரு புரோகிராமரைப் பிடித்து, முழு மென்பொருளாகவே எழுதவைத்தார். பத்திர எழுத்தர்கள் வாங்கினார்கள், சிறு வக்கீல்கள் வாங்கினார்கள், பில்டர்கள் வாங்கினார்கள். 2013இல் தனியுரிமைக் கடை பிரைவேட் லிமிடெட் ஆனது. சில வருடம் கழித்து மலேசியாவிலும் வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். 2019இல் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மொத்தமாக வாங்கிக்கொள்ள வந்தது.

விலை பேசி முடித்தாகிவிட்டது. வாங்குபவரின் வக்கீல்கள் ஒரு நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்பினார்கள். அதில் ஒரு கேள்வியில்தான் எல்லாம் நின்றது: சோர்ஸ் கோடின் காப்புரிமை (காப்பிரைட்) எந்தத் தேதியில், எந்த ஆவணத்தின் மூலம் உங்கள் கம்பெனிக்கு வந்தது?

நிலம் வாங்குகிற யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். தாய்ப் பத்திரம் எங்கே, அதற்கு முந்தையது எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா? மென்பொருளுக்கு வில்லங்கச் சான்று தர சார்பதிவாளர் கிடையாது. காப்புரிமைப் பதிவு செய்யலாம், ஆனால் கட்டாயமில்லை. பெரும்பாலோர் செய்வதும் இல்லை. ஆகவே கம்பெனியின் பீரோவில் உள்ள காகிதங்களே மொத்தச் சங்கிலியும்.

இந்தத் தொழிலில் கைமாறுவது புதிதல்ல. ஆவணத் தயாரிப்பு மென்பொருள்களில் பேர் பெற்ற ஹாட்டாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் ஆராய்ச்சியில் அதன் வேர் இருக்கிறது. அங்கிருந்து கேப்சாஃப்ட் என்ற கம்பெனியாகக் கிளம்பி, மாத்யூ பெண்டர் என்ற சட்டப் பதிப்பகத்திடம் போனது. 1998இல் அந்தப் பதிப்பகத்தையே ரீட் எல்சேவியர் வாங்க, லெக்ஸிஸ்நெக்ஸிஸ் வீட்டுக்குள் போனது. 2009இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்தவர்கள் வாங்கினார்கள். 2017இல் மறுபடி அமெரிக்கா, அபகஸ்நெக்ஸ்ட். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு வக்கீல் உட்கார்ந்து, முந்தைய கைமாற்றத்தின் காகிதத்தைத் தேடிப் படித்திருப்பார். எங்கள் கட்சிக்காரரின் சங்கிலியில் இருந்தவை இரண்டே கண்ணி. புரோகிராமரிடமிருந்து கடைக்கு ஒன்று, கடையிலிருந்து கம்பெனிக்கு ஒன்று.

இரண்டாவது கண்ணியை முதலில் பார்த்தேன். 2013இல் கடை தன் தொழில் முழுவதையும் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்த ஒப்பந்தம். அதன் பட்டியலில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. சுழல் நாற்காலிகள், யுபிஎஸ், இரண்டு டன் ஏசி, ‘வாட்டர் டிஸ்பென்ஸர், பழையது’ எல்லாம் இருந்தன. மென்பொருள் இல்லை. கம்பெனி எதை விற்றுப் பிழைக்கிறதோ அது பட்டியலில் இல்லை. தயாரித்தவர் ஆடிட்டர் அலுவலகத்துப் பையன். ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதியிருக்கிறான், அதில் மென்பொருளுக்கு வரி கிடையாது. இது சரிசெய்யக்கூடிய ஓட்டைதான். கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே ஆள். இன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடலாம், அவரிடம் கொடுக்க ஏதாவது இருந்தால்.

அந்த ‘இருந்தால்’தான் முதல் கண்ணி. 2010இல் புரோகிராமர் எழுதிக் கொடுத்த காப்புரிமை மாற்றுப் பத்திரம். நான்கு பக்கம், பத்துப் பத்திகள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கடைசியில் இரண்டு சாட்சிகள். படித்தால் வழவழவென்று ஓடுகிறது. அடித்தல் திருத்தல் இல்லை, இடைச்செருகல் இல்லை. என் ஜூனியர் படித்துவிட்டு, “நல்லா இருக்கு சார்” என்றாள். இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். அதிலிருப்பதைத் தேடாமல், சட்டம் எது இருக்க வேண்டும் என்கிறதோ அதைக் கையில் வைத்துக்கொண்டு படி என்றேன்.

1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இதைப் பற்றியது. மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலத்துக்கு, எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் என்ன என்பதற்கும் சட்டமே பதில் வைத்திருக்கிறது. காலம் சொல்லப்படவில்லையென்றால், எழுதிக் கொடுத்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டு, இது 19(5). நிலப்பரப்பு சொல்லப்படவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும், இது 19(6).

எங்கள் பத்திரத்தில் காலமும் இல்லை, நிலப்பரப்பும் இல்லை. அதாவது 2015இலேயே உரிமை புரோகிராமரிடம் திரும்பிவிட்டது. மலேசியாவில் விற்கும் உரிமை ஒருநாளும் கடைக்கு வந்ததே இல்லை. கட்சிக்காரர் நான்கு வருடமாக அடுத்தவர் சொத்தை விற்றுக்கொண்டிருந்தார் என்றாகிறது. அதையே ஒரு வெளிநாட்டுக்காரருக்குப் பெரிய தொகைக்கு விற்கவும் இருந்தார்.

விஷயம் எப்படியோ புரோகிராமர் காதுக்குப் போய்விட்டது. அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், எங்களுக்கு மட்டுமல்ல, வாங்க வந்தவருக்கும்.

கட்சிக்காரர் கொதித்துப்போய் வந்தார். “வக்கீல் சார், அவன் என் ஆபீஸ்ல உக்காந்துதான் எழுதினான். என் கம்ப்யூட்டர்ல எழுதினான். மதியச் சாப்பாடு எங்க வீட்ல இருந்துதான் போச்சு. அப்புறம் அது எப்படி அவனுக்குச் சொந்தமாவும்?”

நியாயமான கேள்விதான். 17ஆம் பிரிவின்படி வேலைக்காரர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம், மாறாக ஒப்பந்தம் இல்லாத வரை. அப்படி நிரூபிக்க முடிந்தால் 2010 பத்திரமே தேவையில்லை. “அவருக்கு பி.எஃப். பிடிச்சீங்களா?” என்று கேட்டேன். இல்லை. “ஃபார்ம் 16 கொடுத்தீங்களா, 16ஏ கொடுத்தீங்களா?” அவர் ஆடிட்டருக்குப் போன் போட்டார். 16ஏ. சம்பளத்துக்குப் பிடிக்கும் வரியைப் பிடிக்கவில்லை. தொழில்முறைக் கட்டணத்துக்கு 194ஜே பிரிவில் பிடிக்கும் வரியைத்தான் பிடித்திருக்கிறார்கள். வருமான வரித் துறைக்கு வருடாவருடம் ‘இவர் என் ஊழியர் அல்ல’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உயர் நீதிமன்றத்தில் ‘என் ஊழியர்’ என்று சொல்ல முடியாது. சொல்லலாம்; நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்ப்பார்.

அப்புறம்தான் காலமும் நிலப்பரப்பும் ஏன் விடுபட்டன என்று தேடினோம். எழுதியவர்கள் சட்டம் தெரியாதவர்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அந்தப் பத்திரம் அவர்கள் மென்பொருளிலேயே தயாரானது. காப்புரிமை மாற்றுப் பத்திரத்துக்கு அதில் ஒரு மாதிரி வடிவம் இருந்தது. கட்சிக்காரரின் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பழைய வக்கீல் போட்டுக் கொடுத்தது, சுத்தமான வடிவம். அதில் பன்னிரண்டு பத்திகள். நான்காவது காலம், ஐந்தாவது நிலப்பரப்பு. இரண்டுமே இருந்தன.

மாதிரியில் பன்னிரண்டு, பத்திரத்தில் பத்து. இரண்டும் எங்கே போயின? கேள்வித் திரையில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் பக்கத்தில் ‘தேவையெனில்’ என்று போட்டிருந்தது. நிரப்பியவர் தாண்டிப் போய்விட்டார். மென்பொருள் தனக்கு இட்ட கட்டளைப்படி நடந்தது: பதில் இருந்தால் பத்தியை இடு, இல்லையென்றால் பத்தியை எடுத்துவிட்டு எண்ணை மாற்று. ஆறாவது பத்தி நான்காவதாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

பழைய அச்சுப் படிவமாக இருந்திருந்தால், ‘......... ஆண்டுகளுக்கு’ என்று புள்ளிக்கோடு இருந்திருக்கும். விழுந்த பல்லின் இடம் மாதிரி, பார்த்த முதல் ஆள் “இது என்ன காலியா இருக்கு?” என்று கேட்டிருப்பார். இங்கே ஈறே மூடிக்கொண்டுவிட்டது.

ஏன் அப்படிச் செய்யவைத்தீர்கள் என்று கட்சிக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்ன காரணத்தை மறுக்க முடியவில்லை. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, ஆவணத்தில் காலியிடமோ அடித்தலோ இடைச்செருகலோ இருந்தால், எழுதிக் கொடுப்பவர்கள் அந்தந்த இடத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ இடாதவரை, பதிவு செய்ய மறுக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு உண்டு. அவர் அப்பா காலத்திலிருந்து பத்திர எழுத்தர்களுக்கு அதுதான் பயம். டோக்கன் போட்டு, கட்சிகளைத் திரட்டி வந்து நின்றபின், ஒரு புள்ளிக்கோட்டுக்காகத் திரும்பிப் போக வேண்டும். “எங்கிட்ட வாங்குறவங்க கேக்குறதே அதான் சார். ஒரு காலியிடம் வரக்கூடாது. அதைச் சொல்லித்தான் நான் வித்தேன்.” கிரயப் பத்திரத்துக்கு அது பெரிய வசதி. பதிவுக்கே போகாத, சார்பதிவாளர் கண்ணில் படாத ஒரு காப்புரிமைப் பத்திரத்தில் அதே வசதி கழுத்தை அறுத்துவிட்டது.

இங்கே ஒரு திருப்பம். மென்பொருள் ஒவ்வொரு பத்திரத்துக்கும் கொடுத்த பதில்களைத் தனிக் கோப்பாகச் சேமித்து வைக்கும். 2010 பத்திரத்தின் பதில் கோப்பு பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடைத்தது. அதைத் தயாரித்த லாகின், புரோகிராமருடையது. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் தன் பத்திரத்தைத் தானே தட்டியிருக்கிறார்.

கட்சிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “பாத்தீங்களா? வேணும்னே விட்டிருக்கான். மோசடின்னு போடுங்க சார்.”

போடவில்லை. மோசடி என்று எழுதுவது எளிது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆறாம் ஆணை, நான்காம் விதிப்படி யார், எப்போது, எப்படி ஏமாற்றினார் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு லாகின் பெயர் மட்டும். ‘தேவையெனில்’ என்ற குறிப்பை வைக்கச் சொன்னது கட்சிக்காரரே. தவிர, 2010இல் அந்தப் பையனுக்கு 19(5) தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நிறைய வக்கீல்களுக்கே தெரியாது. கட்சிக்காரர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்சிக்காரரின் கோபத்தைப் பிராதில் எழுதாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் நாங்கள் ஃபீஸ் வாங்குகிறோம்.

1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் போனோம். இருதரப்பின் பரஸ்பரத் தவறால் ஒரு ஆவணம் அவர்கள் உண்மையில் நினைத்ததைச் சொல்லாமல் போனால், நீதிமன்றம் அதைத் திருத்தலாம். திருத்தம் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டிருக்க வேண்டும், கேட்டோம். பத்திரத்தில் சொன்ன தொகை, அன்றைக்கு அந்தக் கடையின் அளவுக்கு, ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுக்கிற தொகையாக இல்லை. அது எங்களுக்கு நல்ல சாட்சி. காலவரையறைதான் பலவீனமான இடம். தவறு தெரியவந்த நாளிலிருந்து கணக்கு என்பது எங்கள் வாதம். கொஞ்சம் கவனமாக இருந்தால் எப்போது தெரிந்திருக்குமோ அந்த நாளிலிருந்து என்பதும் காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. நான்கு பக்கத்தைப் படிக்க ஒன்பது வருடமா என்று எதிர்த்தரப்பு கேட்டால், பதில் சொல்லக் கஷ்டம்.

வணிக வழக்கு என்பதால், வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 2018 திருத்தத்தின்படி வழக்குத் தொடுக்கும் முன்பே சமரசத்துக்குப் போயாக வேண்டும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால் விலக்கு. வாங்க வந்தவருக்கு நோட்டீஸ் போய்விட்ட நிலையில் எங்களுக்கு அவசரம் நிஜம். உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவில் நேரடியாகத் தாக்கல் செய்தோம்.

எதிர்த்தரப்பில் ஆஜரானவர் என்னைவிட வயதில் மிக இளையவர். பேப்பரைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிற பெண். 19(5)ஐ எடுப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். எடுத்தார். கூடவே நான் எதிர்பார்க்காத ஒன்றையும் எடுத்தார். இந்த மென்பொருள் செய்வது வக்கீல் தொழில்; வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி பதிவு செய்த வக்கீல்கள் மட்டுமே அதைச் செய்யலாம்; சட்டவிரோதமான தொழில் நடத்துபவர் நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்க முடியாது. 2018 மார்ச்சில் ஏ.கே. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டினார். பெயர் எதுவாக இருந்தாலும், சாரத்தில் சட்டத் தொழிலாக இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தும் என்பது. சென்னையிலிருந்து கிளம்பிய வழக்கு அது. இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் பார்சன்ஸ் வழக்கைச் சொன்னேன். இந்தியத் தீர்ப்பு இல்லை, கட்டுப்படுத்தாது. ஆனால் கேட்கச் சுவாரசியமானது, நீதிபதியும் கேட்டார். 1984இல் பாப் பார்சன்ஸ் என்பவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீட்டிலிருந்தே ஒரு மென்பொருள் கம்பெனி தொடங்கினார். 1994இல் அதை இன்டியூட் நிறுவனத்துக்கு 6.4 கோடி டாலருக்கு விற்றார். பிறகு கோடாடி தொடங்கியவரும் அவர்தான். அந்தக் கம்பெனி விற்ற ‘குவிக்கன் ஃபேமிலி லாயர்’ என்ற சரக்கு, கேள்வி கேட்டு உயிலும் ஒப்பந்தமும் தயாரித்துத் தரும். எங்கள் கட்சிக்காரரின் மென்பொருளுக்குப் பெரியப்பா முறை. டெக்ஸாஸில் அனுமதியில்லாமல் சட்டத் தொழில் செய்வோரைக் கண்காணிக்கும் குழு வழக்குப் போட்டது. 1999 ஜனவரியில் டல்லாஸ் பெடரல் நீதிமன்ற நீதிபதி பேர்ஃபுட் சாண்டர்ஸ், இது சட்டத் தொழில்தான் என்று தீர்த்தார். டெக்ஸாஸ் சட்டமன்றம் சில மாதத்திலேயே சட்டத்தைத் திருத்தியது. ‘இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல’ என்று பளிச்சென்று எழுதியிருந்தால் மென்பொருள் விற்பது சட்டத் தொழில் ஆகாது என்றது. ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது.

இதற்கிடையில் கம்பெனியோ இன்டியூட்டிடமிருந்து பிராடர்பண்டுக்கும், பிராடர்பண்ட் லேர்னிங் கம்பெனிக்கும் போய், 1999இல் லேர்னிங் கம்பெனியை மேட்டல் வாங்கியிருந்தது. டெக்ஸாஸில் வக்கீல் தொழில் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சரக்கு, அப்பீல் முடிந்தபோது பார்பி பொம்மை செய்கிறவர்களின் வீட்டில் இருந்தது. இதை நீதிமன்றத்தில் சொல்லவில்லை. வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீலிடம் சொன்னேன், சிரித்தார்.

நம் ஊரில் இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பதே என் முக்கிய வாதம். தமிழ்நாட்டில் பத்திரம் எழுதுவது வக்கீல்களுக்கு மட்டும் உரிய வேலையாக இருந்ததில்லை. பத்திர எழுத்தருக்கு லைசென்ஸ் கொடுக்கும் விதிகள் 1982 முதல் இருக்கின்றன. 2018இல் வந்த ஸ்டார் 2.0 திட்டத்தில் பதிவுத் துறையின் இணையதளமே பொதுமக்களைக் கேள்வி கேட்டு ஆவணம் தயாரிக்க வழி செய்கிறது. அரசு செய்தால் சேவை, என் கட்சிக்காரர் செய்தால் குற்றமா? நீதிபதி அந்த வாதத்துக்குள் மேற்கொண்டு போகவில்லை.

அவர் போனது நேராக அந்த நான்கு பக்கத்துக்கு. மாதிரி வடிவத்தையும் கையெழுத்தான பத்திரத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் கொடுத்திருந்தேன். மாதிரியில் நான்காவது பத்தியில் விரல் வைத்தார். பத்திரத்தில் நான்காவது பத்தியைப் பார்த்தார்; அது உத்தரவாதம் பற்றிப் பேசியது. இன்னொரு பக்கம் புரட்டினார். திரும்ப முதல் பக்கம் வந்தார். “விடுபட்டதற்கு அடையாளமே இல்லையே” என்றார். ஆமாம் மை லார்ட், அதுதான் இந்த மென்பொருளின் சிறப்பு என்று சொன்னேன். கோர்ட் ஹாலில் கொஞ்சம் சிரிப்பு. எங்கள் கட்சிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அதுவரை இருந்த நிலையை மாற்றாமல் இருதரப்பும் இருக்க வேண்டும் என்று உத்தரவாகி, சமரசத்துக்கு அனுப்பினார்கள். வளாகத்திலேயே உள்ள மையம்தான். 2005இல் தொடங்கியது, நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் நாட்டுக்கே முன்னோடி.

அங்கே புரோகிராமர் முதலில் பேசியது பணத்தைப் பற்றி அல்ல. “அண்ணாச்சி, பழைய வெர்ஷன்ல ‘அபௌட்’ போட்டா என் பேர் வரும். கம்பெனி ஆனதும் எடுத்துட்டீங்க. நான் போன் பண்ணினேன். நீங்க எடுக்கல.”

கட்சிக்காரர் என்னைப் பார்த்தார். “அதுக்கா இவ்வளவும்?” என்று புரோகிராமரையே கேட்டார்.

சட்டம் அதையும் யோசித்திருக்கிறது. காப்புரிமையை முழுக்க எழுதிக் கொடுத்த பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி படைத்தவரிடமே இருக்கும். அந்தப் பெயரை எடுத்தது யார் யோசனை என்று நான் கேட்கவில்லை. மார்க்கெட்டிங் ஆலோசகர் யாராவது சொல்லியிருப்பார். இதைக் கேட்டுவிட்டு, புரோகிராமர் பெயருக்காக மட்டுமே சண்டை போட்டார் என்று யாரும் நெகிழ வேண்டாம். பணமும் கேட்டார், நன்றாகவே கேட்டார். 19(5) கையில் இருக்கும்போது ஏன் கேட்க மாட்டார்? வாங்க வந்தவர் கெடு வைத்திருந்தார். காலவரையறை வாதத்தில் நாங்கள் தோற்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். பரஸ்பரத் தவறு வாதத்தில் புரோகிராமர் தோற்கலாம் என்பது அவர் வக்கீலுக்குத் தெரியும். இரண்டு வக்கீலும் தத்தம் கட்சியிடம் இதைத் தனியாகச் சொன்ன பிறகுதான் தொகை ஒரு இடத்துக்கு வந்தது.

புதிய பத்திரம் எழுதினோம். எழுதினோம் என்றால், என் டைப்பிஸ்ட் தட்டினார். மென்பொருள் வேண்டாம் என்று கட்சிக்காரரே சொல்லிவிட்டார். சட்டம் அந்தப் படைப்புக்குத் தரும் காப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் மாற்றம் காலாவதி என்னும் 19(4) பொருந்தாது என்று தனிப் பத்தி. 2015 முதல் விற்றதற்கும் மலேசியாவில் விற்றதற்கும் ஒப்புதல். இந்த முறை நேராகக் கம்பெனியின் பெயருக்கே. கடைக்காரர் என்ற முறையில் கட்சிக்காரரும் தன் பங்குக்கு ஒரு பத்திரம் கொடுத்தார். அதில் ஏசி இல்லை, மென்பொருள் மட்டும். ‘அபௌட்’ திரையில் புரோகிராமர் பெயர் திரும்ப ஏறியது. சமரசத்தில் முடிந்ததால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைத்தது. விற்பனையும் நடந்தது, பேசிய விலையைவிடச் சற்றுக் குறைவாக. அடுத்த பதிப்பில் அந்த இரண்டு கேள்விகளுக்குப் பக்கத்திலிருந்த ‘தேவையெனில்’ எடுக்கப்பட்டு, பதில் சொல்லாமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி ஆக்கப்பட்டது.

வெளியாளிடம் மென்பொருளோ லோகோவோ விளம்பர வாசகமோ எழுதி வாங்கியிருக்கிறீர்களா? அந்தப் பத்திரத்தை எடுத்து, காலமும் நிலப்பரப்பும் எந்தப் பத்தியில் இருக்கின்றன என்று பாருங்கள். காலம் பற்றிய பத்தி இல்லையென்றால், கையெழுத்திட்ட தேதியிலிருந்து ஐந்து வருடத்தை எண்ணிவிட்டு, எழுதிக் கொடுத்தவருக்கு இன்றே போன் போடுங்கள்.